அளவறிந்து நுகர்தலும் அடியார் கடமையும்

நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் ஆகிய ஐம்பூதங்களிலும் இறைவன் நிறைந்திருக்கின்றான் என்பது சைவமக்களின் உறுதியான நம்பிக்கையாகும். காஞ்சிபுரத்தில் நிலமாகவும், திருவானைக்காவில் நீராகவும், திருவண்ணாமலையில் தீயாகவும், திருக்காளத்தியில் காற்றாகவும், சிதம்பரத்தில் ஆகாயமாகவும் அவனை வழிபடும் மரபு பல நூற்றாண்டுகளாக நிலவி வருகின்றது. ஆலயத்தில் இவ்வைந்தையும் கைகூப்பி வணங்குகின்ற ஓர் அடியார், வீடு திரும்பியதும் வளவின் மூலையில் பொலித்தீனைக் குவித்துத் தீ மூட்டுவாரானால் காற்றும் நிலமும் ஒரே வேளையில் மாசடைகின்றன. அடுத்த மாரிமழை அந்தச் சாம்பலைக் கழுவி நிலத்தின் கீழ் இறக்குகின்றது. வழிபாட்டுக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையிலான இத்தூரத்தைக் குறைப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

நுகர்வோர் எனப்படுபவர் யார்?

கடைக்குச் சென்று காசு கொடுத்துப் பொருள் வாங்குபவரையே நுகர்வோர் எனப் பலரும் கருதுகின்றனர். கிணற்றில் நீர் இறைப்பவரும், மின்குமிழை எரியவிடுபவரும், பந்தியில் அமர்ந்து உண்பவரும் நுகர்வோரே. பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை இதற்கு விலக்கானவர் எவருமில்லை.

நுகராமல் வாழ முடியாது. ஆனால் இன்றைய தலைமுறை நுகர்வது போலவே நாளைய தலைமுறையும் நுகர்வதற்கு எஞ்சியிருக்க வேண்டும். முதலை அழிக்காமல் வட்டியில் வாழ்வது குடும்பத்தில் நல்ல நிர்வாகம் எனப்படுகின்றது. இயற்கை வளத்திலும் அதே நிர்வாகம் வேண்டும். இதனையே அறிஞர்கள் நிலைபேறான நுகர்வு என்பர்.

பற்றாக்குறை கற்பித்த பாடம்

வடபகுதி மக்களுக்குச் சிக்கனம் புதிய பாடமன்று. 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் மின்கலமும் கிடைப்பதில்லை. மண்ணெண்ணெய் எட்டாத விலையில் இருந்தது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, திரியிட்டு எரித்த விளக்கின் முன் அமர்ந்து படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றார்கள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒரு தாள், ஓர் ஆணி, ஒரு துண்டுக் கயிறு என எதுவும் வீசப்படவில்லை.

பின்னர் 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாகியது. எரிபொருள் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. பழைய துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. எரிவாயு அடுப்புக்குப் பக்கத்தில் விறகடுப்பு மூட்டப்பட்டது. வெறுமையாகக் கிடந்த வளவுகளில் மரவள்ளியும் கீரையும் நடப்பட்டன.

இடர் நீங்கியதும் இப்பழக்கங்களுட் பல நீங்கிவிட்டன. சந்திக்கடைக்குச் செல்வதற்கும் மோட்டார் சைக்கிள் வேண்டியதாயிற்று. கீரைப்பாத்தி மீண்டும் புல்லாயிற்று. ஏனெனில் அது வறுமையால் வந்த சிக்கனமே தவிர மனத்தால் ஏற்ற சிக்கனம் அன்று. கட்டாயத்தினால் வந்த பழக்கம் கட்டாயத்தோடு போய்விடும். விளங்கிக்கொண்டு ஏற்ற பழக்கமே நிலைக்கும். ஆகவே முதலில் வேண்டியது, தான் நுகர்வது எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என்ற அறிவாகும்.

கிணற்று நீரின் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி நிலத்தடி நீராகத் தங்குகின்றது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்திற்கு இறைப்பதும் பெரும்பாலும் இந்த நீரே.

இந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து கொண்டிருக்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது, உவர்நீர் பாரம் கூடியது என்பதே அதற்குக் காரணம். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓர் அடி உயரத்திற்கு நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. இதன் மறுபக்கம் அச்சத்திற்குரியது. அளவுக்கு மீறி இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவதற்குப் பல மாரிகள் தேவைப்படும்.

துலாமிதித்து நீர் இறைத்த காலத்தில் உடம்பின் களைப்பே அளவுகோலாக இருந்தது. வேண்டியது பாய்ந்ததும் துலா நின்றது. இன்று ஆளியை அழுத்தினால் மோட்டார் இயங்குகின்றது. அதனை நிறுத்த மறந்தவர் பக்கத்து வீட்டில் கதைத்துக்கொண்டு நிற்கின்றார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது பல வீடுகளில் அன்றாடக் காட்சி.

ஒழுகும் குழாய் ஒன்றின் கணக்கைப் பார்க்கலாம். செக்கனுக்கு ஒரு துளி வீதம் விழுந்தால் நாளொன்றுக்கு 86,400 துளிகள் விழும். ஏறத்தாழ 20 துளிகள் ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால், அது நாளொன்றுக்கு 4 லீற்றருக்கு மேல். மாதத்திற்கு ஏறத்தாழ 130 லீற்றர். சில ரூபா பெறுமதியான ஒரு வோசரை மாற்றினால் இந்த இழப்பு நின்றுவிடும்.

நீரின் அளவு ஒரு பிரச்சினை; தரம் மற்றொரு பிரச்சினை. வலிகாமத்தில் செறிவாகத் தோட்டம் செய்யப்படும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில், நைத்திரேற்றின் அளவு குடிநீருக்கு விதிக்கப்பட்ட லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவுக்கு மீறிய செயற்கை உரமும், கிணற்றுக்கு அருகில் அமைந்த மலக்குழிகளும் இதற்கு முக்கிய காரணங்கள். நைத்திரேற்றுக் கூடிய நீர் கைக்குழந்தைகளின் குருதியில் ஒட்சிசன் செல்வதைப் பாதிக்கக்கூடியது. நீரைக் கொதிக்க வைப்பதனால் நைத்திரேற்று நீங்கிவிடாது என்பதைத் தாய்மார் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இதில் தோட்டக்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. சந்தையில் ஒரு புள்ளி விழுந்த கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதையே தெரிவு செய்பவர் யார்? எல்லாக் காலத்திலும் எல்லா மரக்கறியும் வேண்டும் என்பவர் யார்? வாங்குபவரின் விருப்பத்திற்கேற்பவே விளைவிப்பவர் மருந்தும் உரமும் இடுகின்றார். அந்தந்தப் பருவத்தில் விளைவதை, சிறு குறை இருந்தாலும் வாங்கி உண்ணும் வீடுகள் கூடினால், கிணற்றுக்குள் இறங்கும் நஞ்சும் குறையும்.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் பெறும் வகையில் அது அமைக்கப்பட்டது. இது குடாநாட்டிற்குப் பெரும் ஆறுதலே. ஆயினும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிப்பதற்கு மின்சாரமும் பெருஞ்செலவும் வேண்டும். மழையாக வந்து கிணற்றில் நிற்கும் நீரைக் கெடுத்துவிட்டுக் கடலிடம் கையேந்துவது விவேகமாகாது.

பையோடு வந்தது எங்கே போகின்றது?

ஒரு குடும்பம் நாளொன்றுக்கு இரண்டு சொப்பிங் பைகளை வீட்டுக்குக் கொண்டுவருகின்றது எனக் கொண்டால் ஆண்டுக்கு 730 பைகள். 300 குடும்பங்கள் வாழும் ஒரு கிராமத்தில் அது ஆண்டுக்கு 219,000 பைகளாகும். ஒவ்வொன்றும் கடையிலிருந்து வீடு வரை, சில நிமிடங்கள் மட்டுமே பயன்படுகின்றது. அதன்பின் அது உக்குவதில்லை. வெயிலில் துகள் துகளாக உடைந்து மண்ணோடு கலக்கின்றது.

மண்ணில் புதைந்த பொலித்தீன் மழைநீர் கீழிறங்குவதைத் தடுக்கின்றது. எரித்தால் டயொக்சின் முதலிய நச்சு வாயுக்கள் வெளிவரக்கூடும். வீதியோரத்தில் வீசினால் உணவு வாடைக்கு மாடுகள் அதனை உண்கின்றன. அது இரைப்பையில் அடைத்துக்கொள்ள, பசு மெலிந்து இறக்கின்றது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பை மேட்டில் உணவு தேடும் காட்டுயானைகளும் பிளாஸ்ரிக்கை விழுங்கி மடிந்துள்ளன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கு இவ்வாறு இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. பசுவைக் கோமாதா என்றும், யானைமுகனை முழுமுதற் பொருள் என்றும் போற்றும் சமூகம் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மனித உயிர்களும் தப்பவில்லை. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பை அண்மித்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். டெங்கு நுளம்பு பெருகுவதற்குக் குளம் தேவையில்லை. வீசப்பட்ட யோகட் கோப்பை ஒன்றில் தேங்கும் சிறிதளவு மழைநீரே போதுமானது. மாரிகாலம் தொடங்கியதும் வடபகுதியில் டெங்கு கூடுவதன் காரணமும் இதுவே.

சட்டம் செய்வதும் செய்யாததும்

20 மைக்ரோன் அல்லது அதிலும் மெல்லிய பொலித்தீன் 2007 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. 2017 செப்ரெம்பர் முதல் லஞ்ச் சீற், றெஜிபோம் உணவுப்பெட்டி ஆகியன தடைக்குள்ளாகின. சமய, கலாசார, அரசியல் நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரம் செய்வதும், பொலித்தீனைத் திறந்த வெளியில் எரிப்பதும் அப்போது தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்ரோபர் முதல் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், தட்டு, கரண்டி என்பவற்றோடு பிளாஸ்ரிக் மாலையும் இடியப்பத் தட்டும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2025 நவம்பர் முதல் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. அதற்குப் பணம் அறவிடப்பட வேண்டும்.

சட்டங்கள் குறைவில்லை. ஆயினும் தடைசெய்யப்பட்ட பொருட்கள் கண்ணிற் படாமலும் இல்லை. வாங்குபவர் கேட்டால் விற்பவர் எப்படியாவது கொண்டுவந்து கொடுப்பார். கேட்பார் இல்லையேல் கடைக்காரர் அதனை அடுக்கி வைப்பதில் அர்த்தமில்லை. எனவே சட்டத்தின் மீதிப் பாதி வாங்குபவரின் கையிலேயே உள்ளது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

எப்பொருளையும் வாங்குமுன் ஒருவர் தம்மிடமே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது உண்மையில் வேண்டுமா? எவ்வளவு காலம் உழைக்கும்? பழுதானால் திருத்தலாமா, கழிந்தபின் எங்கே போகும்?

முதற் கேள்வியிலேயே பாதிப் பொருட்கள் நின்றுவிடும். அயலவர் வாங்கினார், தவணைமுறையில் கிடைக்கின்றது, விலைக்கழிவு போட்டிருக்கின்றார்கள் என்பவை தேவைகள் ஆகமாட்டா. தவணைக் கட்டணத்தில் சிக்கி, தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. இயற்கையைக் காக்கும் பழக்கம் குடும்பத்தின் மானத்தையும் காக்கின்றது.

இரண்டாம் கேள்வி விலையைப் பற்றிய எண்ணத்தை மாற்றும். 60 வாற்று இழை மின்குமிழுக்குப் பதிலாக 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் இட்டால் 51 வாற்று மிச்சம். நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் எரித்தால் மாதத்திற்கு 7.65 அலகு, நான்கு மின்குமிழ்களுக்கு 30 அலகுக்கு மேல். அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் வகையில் பட்டியல் கணிக்கப்படுவதால் இம்மிச்சம் சிறியதன்று. வாங்கும்போது மலிவானது எப்போதும் மலிவானதன்று.

மூன்றாம் கேள்விக்கு முன்னோரின் வீட்டில் பதில் இருந்தது. கடகம், சுளகு, பெட்டி, உமல், பாய், நீற்றுப்பெட்டி ஆகிய யாவும் பனையோலையில் ஆனவை. பழுதானால் பொத்தினர், பொத்த முடியாவிடில் அடுப்பெரித்தனர், அல்லது தோட்டத்தில் தாட்டு உரமாக்கினர். கூழ் குடிக்கப் பிளா, உண்ணத் தட்டுவம் எனப் பாத்திரமும் பனையிலிருந்தே வந்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவாக்கப்பட்டும், பின்னும் பெண்கள் பலர் பயிற்சி பெற்றும், ஓலைப்பைக்கு வாங்குபவர் இல்லையேல் அத்தொழில் வாழாது. ஓர் உமல் வாங்குவது ஒரு குடும்பத்தின் அடுப்பெரிய உதவுவதுமாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். துணிப்பை நல்லது என்று கேள்விப்பட்டு வீட்டில் பத்துத் துணிப்பைகளை அடுக்குவதாற் பயனில்லை. பருத்தி விளைவிக்கவும் பெருமளவு நீர் வேண்டும். ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாவதாக மதிப்பிடப்படுகின்றது. ஒரே பையை ஆண்டுக்கணக்காகக் கொண்டு செல்பவரே உண்மையில் சிக்கனம் செய்பவர். காகிதக் கோப்பையும் முற்றிலும் குற்றமற்றதன்று. நீர் ஊறாதிருப்பதற்காக அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் பூசப்படுவதுண்டு.

அன்னத்தை வீணாக்காமை

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி தொன் உணவு வீணாகியது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுவாகும். அதிலும் பெரும்பகுதி வீணானது வீடுகளிலேயே என்பது வெட்கத்திற்குரியது.

ஒரு பிடி சோறு வீணாகும்போது அந்த நெல்லுக்குப் பாய்ந்த நீரும், உழுத இயந்திரத்தின் எண்ணெயும், கமக்காரரின் வியர்வையும் சேர்ந்தே வீணாகின்றன. முதல்நாட் சோற்றுக்கு நீரூற்றி மறுநாட் காலையில் பழஞ்சோறாக உண்டதும், மிஞ்சியதை மாட்டுக்கும் கோழிக்கும் இட்டதும் வறுமையின் அடையாளங்கள் அல்ல. அன்னத்திற்குச் செய்த மரியாதை.

ஆலயம் காட்டும் வழி

கிராமத்தில் எல்லோரும் கூடும் இடம் ஆலயம். அங்கு வழக்கமாவது விரைவில் வீட்டிலும் வழக்கமாகின்றது. அன்னதானத்தில் 1,000 பேர் உண்ணும் ஒரு நாளில், ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், ஒரு கோப்பை, ஒரு தண்ணீர்ப் போத்தல் எனின் 3,000 பொருட்கள் குப்பையாகும். பத்து நாள் மகோற்சவத்தில் அது 30,000. தேரும் தீர்த்தமும் முடிந்து கொடி இறங்கியபின் வீதியில் கிடப்பது எது என்பதை ஊரார் அறிவர்.

அன்னம் பரிமாற வாழையிலை சிறந்தது. உண்டபின் அது மாட்டுக்குத் தீனியாகும், அல்லது உரமாகும். விலை கூடுதல் என்பது உண்மையே. உபயகாரர்கள் தம் வளவு இலைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதனால் அச்செலவைக் குறைக்கலாம். எவர்சில்வர் தட்டுக்களும் பொருத்தமானவையே. ஆனால் கழுவுவதற்கு நீர் செலவாகும். ஓடும் குழாயிற் கழுவாமல் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கழுவி, அந்நீரை ஆலயத் தென்னைகளுக்கு விடலாம். தாகசாந்தியில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கழுவிப் பாவிக்கும் குவளைகளில் வழங்கலாம். வீட்டிலிருந்து குவளை கொண்டுவருமாறு அடியார்களைக் கேட்டுக்கொள்ளலாம். மாவிலையும் தென்னங்குருத்தும் வாழையும் தரும் அழகைப் பிளாஸ்ரிக் தோரணம் தராது. அர்ச்சனைப் பொருட்களைப் பொலித்தீன் பையிற் கொணராமல் தட்டிலோ ஓலைப்பெட்டியிலோ கொண்டுவரலாம். நிர்மாலியப் பூக்களை ஒரு குழியில் இட்டு உரமாக்கினால் நந்தவனத்திற்குப் பயன்படும். கூரையில் விழும் மழைநீரைக் கேணிக்கோ நிலத்திற்கோ இறங்கவிட்டால் அயற்கிணறுகளும் நன்மை பெறும்.

இவை எவையும் புதியன அல்ல. அப்பூதியடிகள் நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்ததையும், தம் இல்லத்தில் அவருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியும்படி மகனை அனுப்பியதையும் பெரியபுராணம் கூறுகின்றது. கண்பார்வையற்ற தண்டியடிகள், தூர்ந்துபோன திருவாரூர்க் குளத்தைக் கயிற்றைத் தடவித் தடவி நடந்து தோண்டினார். குளம் தோண்டியதே அவரை நாயன்மாராக்கிய திருத்தொண்டு. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். நீரைக் காப்பது சிவத்தொண்டுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இவற்றினும் மேலான சான்று வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற எவராலும் இயலாது. விரதத்தைக் குழந்தைகளுக்கு ஒருவேளையாகத் தொடங்கிப் பழக்குவது போல, இதனையும் ஒரு பழக்கமாகத் தொடங்கலாம். ஒரு மாதம் சந்தைக்குப் பையோடு செல்லுதல். அடுத்த மாதம் ஒழுகும் குழாய்களைத் திருத்துதல். அதற்கடுத்த மாதம் குப்பையை உக்குவது, உக்காதது எனப் பிரித்தல். ஓர் ஆண்டு முடியும்போது பன்னிரண்டு நற்பழக்கங்கள் வீட்டில் குடியேறிவிடும். அவற்றைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டுப் பழகுவதிலும் பெரியோர் செய்வதைக் கண்டு பழகுவதே அதிகம்.

பாட்டன் வெட்டிய கிணற்றில் பேரன் நீர் அள்ளுகின்றான். அந்தப் பேரனின் பேரனும் அதே கிணற்றில் நன்னீர் அள்ள வேண்டும். அதற்கான முயற்சியை ஒவ்வோர் இல்லத்திலும் தொடங்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.